மைலோமா திரும்பிய கட்டியில் சிடி20, சைக்ளின் டி1 நேர்மறை. சிடி38 எதிர்மறை: இது பழைய நோய்தானா?

கேள்வி: நோயாளியின் மகள்

வணக்கம். என் தாயாருக்கு வயது 63. ஐந்து ஆண்டுகளுக்கு முன் முதுகெலும்பில் ஏற்பட்ட முறிவை ஆராய்ந்தபோது அவருக்கு மல்டிபிள் மைலோமா, அதாவது ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல்களின் புற்றுநோய், இருப்பது தெரியவந்தது. நோய்ச் செல்கள் சுரக்கும் ஆன்டிபாடி ஐஜிஜி கப்பா வகை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். போர்டெசோமிப், லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள்; பிறகு அவருடைய சொந்த ஸ்டெம் செல்களைக் கொண்டு மாற்று சிகிச்சை செய்து, லெனலிடோமைடை மட்டும் தொடர்ந்தார்கள். மூன்றாம் ஆண்டின் இறுதியில் நோய் திரும்பியது. அப்போது தொடங்கிய டாராடுமுமாப் ஓராண்டுக்கும் மேலாக நோயை நன்றாகக் கட்டுப்படுத்தியது. இப்போது விலா எலும்பை ஒட்டி ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது. கடைசி டாராடுமுமாப் ஊசி போட்டு ஆறு வாரங்கள் ஆன நிலையில் அந்தக் கட்டியிலிருந்து திசு எடுத்தார்கள்.

அறிக்கையில் உள்ளவை இவை (சிடி எண்கள் செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்களின் பெயர்கள்; சாயம் பிடித்தால் நேர்மறை): சிடி138 நேர்மறை. ஆன்டிபாடியின் இருவகை இலகு சங்கிலிகளில் கப்பா மட்டும் காணப்படுகிறது, லாம்டா இல்லை. சிடி38 எதிர்மறை. சிடி56 எதிர்மறை. சிடி20 பெரும்பாலான செல்களில் நேர்மறை. செல் பிரிவதைத் தூண்டும் சைக்ளின் டி1 புரதம் வலுவான நேர்மறை. பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் பங்கைக் காட்டும் கேஐ-67 ஏறத்தாழ 30 விழுக்காடு. இறுதியில், "பிளாஸ்மா செல் தன்மை கொண்ட பி செல் லிம்போமாவா, மைலோமாவின் மீள்வரவா என்பதை நோயாளியின் முழு விவரங்களோடு ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும்" என்று முடித்திருக்கிறார்கள்.

முதல் அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் சிடி138, கப்பா, லாம்டா ஆகிய மூன்று சாயங்கள் மட்டுமே இருக்கின்றன. என் தாயாருக்கு இரண்டாவதாக வேறொரு புற்றுநோய் வந்துவிட்டதா, அல்லது இத்தனை மருந்துகளின் விளைவாகப் பழைய நோயே உருமாறிவிட்டதா என்பது எனக்கு விளங்கவில்லை. சிடி38 மறைந்துவிட்டதென்றால், அதைத் தாக்கும் டாராடுமுமாப் இனி என்றைக்குமே பயன்படாதா என்பதையும் அறிய விரும்புகிறேன். மருத்துவரை அடுத்த வாரம் சந்திக்கிறோம். அதற்குமுன் சரியான கேள்விகளோடு போக வேண்டும் என்பதே என் நோக்கம்.


மறுமொழி 1: திசு நோயியல் மருத்துவர்

ஸ்லைடுகளை நான் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆயினும் நீங்கள் எழுதியிருக்கும் சாயங்களின் சேர்க்கை, இத்துறையில் இருப்பவர்களுக்கு ஓரளவு பழக்கமான ஒன்றுதான்.

மைலோமா செல்கள் பொதுவாக எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சிடி138 இருக்கும்; சிடி38 மிக வலுவாக இருக்கும்; சிடி19 இருக்காது; சிடி45 மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும்; ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் சிடி56 இருக்கும். பி லிம்போசைட்டு பிளாஸ்மா செல்லாக முதிரும்போது சிடி20-ஐ இழந்துவிடுவதால், மைலோமாவில் சிடி20 தென்பட்டால் படிப்பவருக்கு உடனே லிம்போசைட்டுகளின் புற்றுநோயான லிம்போமா நினைவு வருவது இயல்பு. ஆனால் மைலோமா நோயாளிகளில் 15 முதல் 20 விழுக்காட்டினரிடம் சிடி20 காணப்படுகிறது. இவர்களில் கணிசமானோரிடம் 11, 14 ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றம் இருக்கும். அந்த இடமாற்றம் சைக்ளின் டி1-ஐ உருவாக்கும் மரபணுவை ஆன்டிபாடி மரபணுவின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுவதால், செல் அந்தப் புரதத்தை அளவுக்கு மீறித் தயாரிக்கிறது. இத்தகைய மைலோமாவின் செல்கள் சிறியவையாக, லிம்போசைட்டின் சாயலோடு இருப்பதும், அவற்றில் சிடி56 இல்லாமல் போவதும் அடிக்கடி காணப்படுபவை. ஆகவே உங்கள் தாயாரின் அறிக்கையில் விசித்திரமாகத் தோன்றும் மூன்று செய்திகளான சிடி20, சைக்ளின் டி1, சிடி56 இன்மை ஆகியவை தனித்தனி மர்மங்களாக இல்லாமல், ஒரே காரணத்தின் மூன்று முகங்களாக இருக்க வாய்ப்புண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சைக்ளின் டி1 சாயம் பிடித்தாலே அந்த இடமாற்றம் இருக்கிறது என்று பொருளில்லை. 11 ஆம் குரோமோசோம் கூடுதல் படிகளாக இருக்கும் மைலோமாவிலும் அது பிடிக்கும். குரோமோசோம் மாற்றங்களை ஒளிரும் குறிகளால் கண்டறியும் ஃபிஷ் சோதனைதான் இதை உறுதி செய்யும். முதல் முறை ஃபிஷ் செய்திருந்தாலும், தீவிர நோயைக் காட்டும் மாற்றங்களை மட்டும் தேடிவிட்டு இதைத் தேடாமல் விட்டிருக்கலாம். பழைய ஃபிஷ் அறிக்கையில் எந்தெந்தப் பகுதிகளைச் சோதித்தார்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். "எதிர்மறை" என்பதும் "சோதிக்கப்படவில்லை" என்பதும் ஒன்றல்ல.

லிம்போமா பக்கம் பார்த்தால், சைக்ளின் டி1 நேர்மறையாக வரும் மேன்டில் செல் லிம்போமாதான் முதலில் விலக்கப்பட வேண்டியது. அதில் சிடி20-ஓடு பாக்ஸ்5, சிடி5, சாக்ஸ்11 ஆகிய புரதங்களும் வழக்கமாக நேர்மறையாக இருக்கும். கட்டியின் செல்கள் அனைத்திலும் சிடி138 பரவலாக இருப்பது அந்நோயின் இயல்பன்று. லிம்போபிளாஸ்மாசைட்டிக் லிம்போமா என்றால் இரத்தத்தில் பெரும்பாலும் ஐஜிஎம் புரதம் இருக்கும், எம்ஒய்டி88 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இருக்கும், சைக்ளின் டி1 இருக்காது. உங்கள் தாயாருக்கு ஐஜிஜி புரதமும் எலும்பு முறிவும் இருந்திருக்கின்றன. எனவே என் தராசு மைலோமாவின் பக்கமே சாய்கிறது.

"உருமாறிவிட்டதா" என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் அறிக்கையில் மூன்று சாயங்கள்தாம் இருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சிடி20-உம் சைக்ளின் டி1-உம் புதிதாக வந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது. புதிதாகத் தேடப்பட்டவை என்றுதான் சொல்ல முடியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்பது ஐந்தாண்டுகளுக்கு முந்தைய திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கைத்தான். அதில் இதே சாயங்களைப் போட்டு, இரண்டு ஸ்லைடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் அன்றே தீரும். இரண்டிலும் கப்பா என்பது மட்டும் ஒரே நோய் என்பதற்குப் போதுமான சான்று அல்ல, ஏனெனில் கப்பா என்பது இரண்டே வாய்ப்புகளில் ஒன்று. ஐயம் நீடித்தால் இரு திசுக்களிலும் ஆன்டிபாடி மரபணுவின் வரிசையை ஒப்பிடலாம். அது ஒவ்வொரு செல் வம்சத்துக்கும் தனித்த கைரேகை போன்றது.

என் துறையினருக்காக ஒரு பக்கக் குறிப்பு. மைலோமா திரும்பும்போது, அதிலும் எலும்பு மச்சைக்கு வெளியே கட்டியாக வரும்போது, இதைவிட விசித்திரமானவற்றையும் பார்க்கிறோம். டி செல்களுக்கு உரிய சிடி4, அரிதாகச் சிடி3 கூடப் பிடிக்கும். ஒருமுறை, சிடி45 இல்லை, சிடி20 இல்லை, கார்சினோமா வகைப் புற்றுநோய்களில் வழக்கமாகப் பிடிக்கும் ஈஎம்ஏ நேர்மறை, கெரட்டின் ஆங்காங்கே புள்ளிபுள்ளியாக நேர்மறை என்று இருந்த ஒரு கட்டியை, வேறோர் உறுப்பிலிருந்து பரவிய கார்சினோமா என்று நான் எழுதத் தொடங்கிவிட்டேன். நோயாளிக்கு மைலோமா இருந்ததை விண்ணப்பப் படிவத்தில் யாரும் குறிப்பிடவில்லை. சிடி138 பிடித்தும் அது எனக்கு உதவவில்லை, ஏனெனில் பல கார்சினோமாக்களிலும் அது பிடிக்கும். கப்பா, லாம்டா ஆகியவற்றின் ஆர்என்ஏ-வைத் திசுவிலேயே கண்டறியும் இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன் செய்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அன்றிலிருந்து, ஒற்றைச் சாயத்தின் பெயரால் நோய்க்குப் பெயர் வைப்பதை நான் விட்டுவிட்டேன்.


மறுமொழி 2: மற்றொரு நோயாளியின் உறவினர்

என் அண்ணனுக்கும் மைலோமா. அவருடைய அறிக்கையிலும் சிடி20 நேர்மறை என்று இருந்தது. சிடி20-ஐத் தாக்கும் ரிட்டுக்சிமாப் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து என்பதால், அதை ஏன் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்திக் கேட்டோம். மருத்துவர் மறுத்துவிட்டார், காரணத்தை விளக்க அவருக்கு நேரமில்லை. இலக்கு இருக்கிறது, அதற்கான மருந்தும் இருக்கிறது என்னும்போது தயங்குவது ஏன் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. சகோதரி, நீங்களும் இதைக் கேட்டுப் பாருங்கள்.


மறுமொழி 3: இரத்தவியல் மருத்துவர்

முதலில் மேலே எழுதியவருக்கு. உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விளக்கம் கிடைத்திருக்க வேண்டும். ரிட்டுக்சிமாபை மைலோமாவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். சிடி20 உள்ளவர்களிடம்கூடப் பலன் மிகக் குறைவாகவே இருந்தது. மைலோமாவில் சிடி20 பெரும்பாலும் மங்கலாகவும், சில செல்களில் மட்டுமாகவும் இருக்கிறது. அந்தச் செல்களை அழித்தாலும் மற்றவை எஞ்சிவிடுகின்றன. சாயம் பிடிப்பது வேறு, அந்த இலக்கை நம்பி நோயை அடக்குவது வேறு.

இனி கேள்வி கேட்டவருக்கு. சிடி38 எதிர்மறையாக வந்ததைக் கண்டு கலங்க வேண்டாம். டாராடுமுமாப் என்பதே சிடி38-ஐப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிதான். அது செல்லின் மேல் அமர்ந்திருக்கும்போது, ஆய்வகம் பயன்படுத்தும் ஆன்டிபாடிக்கு ஒட்ட இடம் கிடைக்காமல் போகலாம். இது மறைப்பு. இதைத் தவிர உண்மையான இழப்பும் நேர்கிறது: சிகிச்சையின்போது சிடி38 அதிகம் உள்ள செல்கள் முதலில் அழிகின்றன, எஞ்சியவற்றின் மேற்பரப்பிலிருந்து, மருந்தோடு பிணைந்த சிடி38-ஐ மோனோசைட்டுகள் போன்ற வெள்ளையணுக்கள் கடித்து எடுத்துவிடுகின்றன. மருந்தை நிறுத்தி ஏறத்தாழ ஆறு மாதங்களில் சிடி38 பழைய அளவுக்கு மீள்வதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் தாயாருக்குக் கடைசி ஊசி போட்டு ஆறு வாரங்களே ஆகியிருந்ததால், இந்த எதிர்மறை எதிர்பார்க்கத்தக்கதே. லிம்போமா என்று ஐயுற அதை ஒரு காரணமாகக் கொள்ளக் கூடாது. அதே சமயம் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சிடி38 திரும்ப வந்தாலும், டாராடுமுமாப் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்த நோய் அதே மருந்துக்கு உடனே மீண்டும் அடங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. என்றைக்குமே பயன்படாது என்று சொல்ல மாட்டேன். அடுத்த மருந்து அதுவாக இருக்காது என்று சொல்வேன்.

11, 14 இடமாற்றம் உறுதியானால் அது வெறும் பெயர்ச்சூட்டலோடு நிற்பதில்லை. இந்த வகைச் செல்கள் உயிர்பிழைக்கப் பிசிஎல்2 என்ற புரதத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதால், அப்புரதத்தைத் தடுக்கும் வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரைக்கு மற்ற மைலோமாக்களைவிட நன்றாகப் பணிகின்றன. ஆனால் இம்மருந்தின் வரலாற்றை முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. பெல்லினி என்ற ஆய்வில் எல்லா வகை மைலோமா நோயாளிகளுக்கும் போர்டெசோமிபோடு இதைச் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீண்டபோதிலும் இறப்புகள் கூடின. அவற்றில் தொற்றுகளுக்குப் பெரும்பங்கு இருந்தது. அதனால் 2019 மார்ச்சில் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு மைலோமாவில் இம்மருந்தின் ஆய்வுகளுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. இடமாற்றம் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் தெளிவாகத் தெரிந்தது. பின்னர் அத்தகையோரை மட்டுமே சேர்த்து, போமலிடோமைடோடு ஒப்பிட்டு நடத்திய கனோவா ஆய்வு, 2023-இல் தன் முதன்மை இலக்கைப் புள்ளியியல் அளவில் எட்டவில்லை. ஆகவே இது அங்கீகாரம் பெற்ற மைலோமா மருந்தாக இல்லாமல், தகுந்த நோயாளிக்கு மருத்துவர் பொறுப்பேற்று, தொற்றுத் தடுப்போடு கொடுக்கும் மருந்தாகவே இருக்கிறது.

மற்றொன்றையும் கேளுங்கள். கட்டி விலா எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வளர்ந்ததா, எலும்போடு தொடர்பின்றித் தசையில் தோன்றியதா? முதல் வகையின் போக்கு இரண்டாவதைவிடப் பொதுவாக நல்லது. பெட்-சிடி ஸ்கேன் இதற்கு விடை தரும்.


மறுமொழி 4: ஆய்வக நுட்பர், ஃப்ளோ சைட்டோமெட்ரி

மருத்துவர்கள் எழுதியதோடு ஆய்வகப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். டாராடுமுமாப் எடுத்தவரின் எலும்பு மச்சை எங்களிடம் வரும்போது, அந்த விவரம் படிவத்தில் இல்லையென்றால் நாங்கள் ஏமாந்துபோவோம். செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் செலுத்தி அவற்றின் புரதங்களைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பிளாஸ்மா செல்களைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பதே சிடி38, சிடி138 ஆகிய இரண்டையும் வைத்துத்தான். சிடி38 மறைந்துவிட்டால் மீதமிருப்பது சிடி138. அதுவோ மாதிரி தாமதமாக வந்தால் செல்லின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்துவிடும் இயல்புடையது. இரண்டும் இல்லாதபோது "பிளாஸ்மா செல்கள் காணப்படவில்லை" என்று தவறாக எழுத நேரும். இதற்காகச் சிடி229, சிடி319 போன்றவற்றையும், டாராடுமுமாப் மறைக்காத வேறிடங்களில் சிடி38-ஐப் பற்றும் பல்முனை ஆன்டிபாடியையும் பயன்படுத்துகிறோம். திசு ஸ்லைடுகளில் விஎஸ்38சி என்ற சாயம் இதே பணிக்கு உதவும்.

பழைய பிளாக்கைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். எலும்பு மச்சையின் ஊசித்திசுவை வெட்டுவதற்குமுன் அதிலுள்ள சுண்ணாம்பை அகற்றுவார்கள். வீரியமான அமிலத்தால் அகற்றியிருந்தால் டிஎன்ஏ சிதைந்து, ஃபிஷ் சோதனை பலன் தராமல் போகலாம், சாயங்களும் மங்கலாம். அதே நாளில் உறிஞ்சியெடுத்த இரத்தத்தின் உறைகட்டியை இன்னொரு பிளாக்காக வைத்திருப்பது உண்டு. அது அமிலத்தைத் தொடாதது. ஆகவே "பிளாக் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், உறைகட்டிப் பிளாக் இருக்கிறதா என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். விலாவின் கட்டி மென்திசுவாக இருந்தால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

தலைப்புக்குச் சற்றே விலகியது என்றாலும் சொல்லிவிடுகிறேன். சிவப்பணுக்களின் மேலும் சிடி38 சிறிதளவு உண்டு. ஆதலால் டாராடுமுமாப் எடுத்தவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், பொருத்தம் பார்க்கும் சோதனை எல்லா இரத்தத்தோடும் பொருந்தாததுபோல் காட்டும். இரத்த வங்கியில் டிடிடி என்ற வேதிப்பொருளால் இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மேலும் அந்த மருந்தே ஓர் ஐஜிஜி கப்பா ஆன்டிபாடி. உங்கள் தாயாரின் நோய்ப் புரதமும் ஐஜிஜி கப்பா. இரத்தப் புரதச் சோதனையில் மிக மெல்லிய கோடு தெரிந்தால் அது நோயா, மருந்தா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும்.


கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை ஒரு தாளில் எடுத்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினேன். ஆய்வகத்தில் பழைய ஊசித்திசுப் பிளாக்கும், நுட்பர் ஐயா சொன்ன உறைகட்டிப் பிளாக்கும் கிடைத்தன. முதலில் "ஐந்து வருடத்துக்கு முந்தையதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்" என்று கேட்டார்கள். எடுத்துத் தர ஒன்பது நாள் ஆயிற்று.

உறைகட்டிப் பிளாக்கில் சைக்ளின் டி1 அன்றே வலுவாக இருந்திருக்கிறது. சிடி56 அன்றும் இல்லை. சிடி20 அன்று சில செல்களில் மட்டும் மங்கலாக இருந்தது. இப்போது பெரும்பாலானவற்றில் இருக்கிறது. சிடி38 அன்று வலுவாக இருந்திருக்கிறது. புதிய கட்டியில் பாக்ஸ்5, சிடி5, சாக்ஸ்11 மூன்றும் எதிர்மறை. ஃபிஷ் சோதனையில் 11, 14 இடமாற்றம் பழையதிலும் புதியதிலும் இருக்கிறது. புதியதில் மட்டும் 17 ஆம் குரோமோசோமின் குறுங்கையில் ஒரு பகுதி இழக்கப்பட்டிருக்கிறது. கட்டி விலா எலும்பிலிருந்தே வெளிப்பட்டது என்று ஸ்கேனில் தெரிகிறது. "மைலோமாவின் மீள்வரவு" என்று அறிக்கையைத் திருத்தித் தந்துவிட்டார்கள்.

மருத்துவர் இப்போது மைலோமா செல்லின் மேற்பரப்பிலுள்ள பிசிஎம்ஏ என்ற புரதத்தைக் குறிவைக்கும் சிகிச்சையைப் பற்றியும் பேசுகிறார். சிடி38 மறைந்ததுபோல் அதுவும் மறையுமா? அதை இப்போதே சோதிக்க வேண்டுமா?


மறுமொழி 5: திசு நோயியல் மருத்துவர்

பழைய பிளாக்கைத் தேடிப் பெற்றுவிட்டீர்கள், மகிழ்ச்சி. சைக்ளின் டி1-உம் சிடி56 இன்மையும் நோயோடு பிறந்தவை. சிடி38 இன்மை மருந்தின் தடம். சிடி20 கூடியிருப்பது, அன்று சிறுபான்மையாக இருந்த ஒரு கிளை இன்று பெரும்பான்மையாகிவிட்டது என்பதைக் காட்டலாம். உண்மையில் புதியது 17 ஆம் குரோமோசோமின் இழப்பு. அறிக்கையில் எவருடைய கண்ணையும் பறிக்காத அந்த ஒரு வரிதான் சிகிச்சை முடிவில் அதிக எடை பெற வேண்டியது. டிபி53 என்ற காவல் மரபணு இருக்கும் இடம் அது.


மறுமொழி 6: இரத்தவியல் மருத்துவர்

பிசிஎம்ஏ-வும் மறையக்கூடும், ஆனால் அந்தச் சிகிச்சை எடுக்காதவரிடம் அது இல்லாமலிருப்பது அரிது. எனவே பெரும்பாலான இடங்களில் சோதிக்காமலேயே தொடங்குகிறார்கள். சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும்போது நிலைமை வேறு. பிசிஎம்ஏ-வின் மரபணு 16 ஆம் குரோமோசோமின் குறுங்கையில் இருக்கிறது. அதன் இரு படிகளையும் இழந்த செல்கள் எஞ்சி வளர்ந்த நோயாளிகளைப் பற்றி 2021-இல் ஆய்வறிக்கைகள் வந்தன. வேறு சிலரிடம் மரபணு இருக்கிறது, புரதமும் இருக்கிறது, ஆனால் மருந்து பற்றும் இடத்தில் மட்டும் திரிபு ஏற்பட்டிருக்கிறது. அப்போது சாயம் நேர்மறை என்றே காட்டும், மருந்து வேலை செய்யாது. மரபணு வரிசையைப் படித்தால்தான் தெரியும்.

இப்போது சோதிப்பதால் உங்கள் தாயாரின் அடுத்த சிகிச்சை மாறப்போவதில்லை. ஆயினும் திசு கையில் இருக்கும்போதே பிசிஎம்ஏ-வையும், இன்னோர் இலக்கான ஜிபிஆர்சி5டி-யையும் ஒருமுறை பார்த்து எழுதி வைக்கச் சொல்வேன். இரண்டாண்டு கழித்து யாரேனும் "இது புதிதா, முன்பே இருந்ததா" என்று கேட்டால், ஒன்பது நாள் அலையாமல் விடை சொல்ல அது உதவும். சாயமிடாத பத்து ஸ்லைடுகளையும் வெட்டி வைக்கச் சொல்லுங்கள். ஊசித்திசு சிறியது, ஒவ்வொரு சோதனைக்கும் பிளாக்கை மீண்டும் இயந்திரத்தில் ஏற்றினால் அது விரைவில் தீர்ந்துவிடும்.